பன்னிரண்டு முதல் நான்கு வரை

வெளிநாட்டிலிருந்து கோயில்களுக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே அனுப்பிவைக்கும் பயண அட்டவணைகளில் ஒரு கட்டம் எப்போதும் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. பன்னிரண்டு முதல் நான்கு வரை. ‘நடை சாத்தியிருக்கும்’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘சாப்பாடு, பயணம்’ என்று போட்டிருப்பார்கள். திருச்சியில் குடியிருப்பதால் இத்தகைய அட்டவணைகள் எனக்கு அடிக்கடி வரும். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நேரே விமானம் இருக்கிறது. உறவுக்காரர்களின் நண்பர்கள், நண்பர்களின் உறவுக்காரர்கள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஸ்ரீரங்கத்தில் எத்தனை மணிக்குக் கூட்டம் குறைவு, சமயபுரத்தில் வண்டி எதுவரைக்கும் போகும், மலைக்கோட்டையில் வயதானவர்கள் ஏற முடியுமா என்றெல்லாம் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்லிவிடலாம். அந்தச் சாம்பல் கட்டம்தான் சில மாதங்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதில் தகவல் பிழை ஒன்றும் இல்லை. நடை சாத்துவது உண்மை, சாப்பிட வேண்டியதும் உண்மை. ஆனாலும் கோயில் மூடியிருக்கும் நேரத்தில் அங்கே கோயிலே இல்லை என்று அந்தக் கட்டம் சொல்வதாகப் படுகிறது. அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்துப் பார்க்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உறுத்தலைக் கிளப்பிவிட்டது டொராண்டோவிலிருந்து என் அக்காள் மகள் அனுப்பிய அட்டவணை. அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அக்காள் காலமான பிறகு அவளுடைய கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டு கிடைத்திருக்கிறது. உள்ளே முழுக்க வேண்டுதல்கள். வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போடுவது, சமயபுரத்தில் மாவிளக்கு, நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதிலும் அர்ச்சனை, திருநள்ளாற்றில் எள் விளக்கு. எதற்காக வேண்டிக்கொண்டாள், யாருக்காக வேண்டிக்கொண்டாள் என்ற விவரம் ஒரு பக்கத்திலும் இல்லை. சிலவற்றுக்குப் பக்கத்தில் டிக் போட்டிருந்தாள், பலவற்றுக்கு இல்லை. மிச்சமிருப்பதைத் தான் தீர்த்துவிட வேண்டும் என்று மகள் கிளம்பிவிட்டாள். ஆபீஸில் கிடைப்பது இரண்டு வாரம், அதுவும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில், ஜூலையில். அவள் போட்ட அட்டவணையில் ஊர், கிலோமீட்டர், நடை திறக்கும் நேரம், செருப்பு விடும் இடம், கழிப்பறை, முழங்கால் வலிக்காரரான அப்பா ஏற முடிகிற படியா என்பது வரைக்கும் இருந்தது. பட்டியல் போட்டுக் கும்பிட வருகிறார்கள் என்று வெளிநாட்டில் இருப்பவர்களைப் பற்றி இங்கே இளக்காரமாகப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, நடுராத்திரியில் திருவெண்காட்டுக்கும் கீழப்பெரும்பள்ளத்துக்கும் எவ்வளவு தூரம் என்று ஒருத்தி வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றால், அவளுடைய யாத்திரை அன்றைக்கே தொடங்கிவிட்டது. அவள் போனில் கேட்டது இதுதான்: “மாமா, எல்லா நாளும் நடுவுல நாலு மணி நேரம் சும்மா போகுது. மத்தியானம் தெறந்திருக்கிற கோயிலா ஒண்ணு ரெண்டு சொல்லுங்களேன், அதை அங்கே போட்டுக்கிறேன்.” பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

திட்டம் போட்டு வருவது இன்றைய பழக்கமும் இல்லை. ராமேசுவரத்துக் கடல் மணலை எடுத்துக்கொண்டு போய்ப் பிரயாகையில் கரைத்துவிட்டு, அங்கிருந்து கங்கை நீரைச் சுமந்துவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்த பிறகுதான் காசி யாத்திரை பூர்த்தியாகும் என்று வைத்தார்களே, அதைவிடக் கறாரான அட்டவணை எது? யாழ்ப்பாணத்துச் சைவர்கள் கடல் கடந்து மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் வந்தார்கள். அவர்கள் தங்குவதற்கென்றே அங்கே மடங்கள் இருந்தன. ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதற்குப் பின்னால் இந்த நெடுநாள் போக்குவரத்து இருக்கிறது. மலேயாவிலிருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்திறங்கி, அங்கிருந்தே கோயில் கோயிலாகப் போனவர்கள் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் உண்டு. ரஜூலாவுக்குப் பிறகு வந்த கப்பலுக்குச் சிதம்பரம் என்றே பெயர். 1985இல் தீப்பிடிக்கும் வரைக்கும் அது ஓடியது. அவர்களுக்குப் பயணமும் நீளம், தங்கலும் நீளம். நாள்கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தவருக்குச் சாத்திய கதவுக்கு எதிரில் மூன்று மணி நேரம் துண்டை விரித்துப் படுத்திருப்பது பெரிய விஷயமாக இருந்திருக்காது. கொடியேற்றத்துக்கு வந்தால் கொடி இறங்கிய பிறகு கிளம்புவார்கள். இன்றைக்கு நிலைமை வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு 2019இல் விமானம் வந்தது, 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கப்பல் வந்தது. டொராண்டோவிலிருந்து கிளம்பினால் மறுநாள் திருச்சி. வழியில் மிச்சமான நாட்களெல்லாம் கோயிலில் தங்குவதற்குக் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. இன்னும் நாலு கோயில்களைப் பட்டியலில் சேர்ப்பதற்கே அவை போய்ச் சேர்ந்தன. இது வெளிநாட்டுக்காரர்களின் அவசரம் மட்டும் என்று சொல்லவும் முடியாது. நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டுவதற்குக் கும்பகோணத்திலிருந்து 2024இல் அரசுப் பேருந்தே விட்டார்கள். காலை திங்களூரில் தொடங்கி இருட்டிய பிறகு திருநள்ளாற்றில் முடிகிற சுற்று. ஆலங்குடியில் தட்சிணாமூர்த்திக்கு எதிரில் நெருக்கியடித்து நின்று திரும்புகிறவர்களில் பலர், அந்தக் கோயிலின் மூலவர் ஆபத்சகாயேசுவரர் முன்னால் நிற்கக்கூட நேரமில்லாமல் வண்டிக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மத்தியானம் திறந்திருக்கும் கோயில் எது என்று தேட ஆரம்பித்தால் நாலைந்து கிடைக்காமல் போகாது. தேட மனம் வரவில்லை. அவள் கேட்டது இடத்தைப் பற்றி. கோயிலுக்கு இடம் இருப்பதுபோல ஒரு பொழுதும் இருக்கிறது. பெரிய சிவாலயங்களில் நாளை ஆறு காலமாகப் பிரித்திருக்கிறார்கள். விடியலில் எழுப்பி, நீராட்டி, உடுத்தி, அமுது படைத்து, பகலில் ஓய்வெடுக்க விட்டு, மாலையில் விளக்கேற்றி, இரவில் பள்ளியறைக்கு அழைத்துப் போகிறார்கள். அந்தந்தக் காலத்தில் அந்தக் கோயில் வேறு கோயிலாகவே ஆகிவிடுகிறது. சிதம்பரத்தில் முற்பகல் பூசையில், கைக்கு அடக்கமான ரத்தினசபாபதிக்கு அபிஷேகம் முடிந்ததும், கற்பூரத்தை முன்னால் காட்டிவிட்டுப் பின்னாலும் கொண்டுபோவார்கள். அதுவரைக்கும் கறுப்பாகத் தெரிந்த திருமேனிக்குள் சிவப்பு ஊறி வரும். அரை மணி நேரம் பிந்திப் போனால் அது இல்லை. திருவாரூர் என்றால் சாயரட்சை. தேவர்களெல்லாம் அந்த வேளையில் அங்கே வந்து நிற்பதாக ஐதிகம், ஊர்க்காரர்களும் அதே வேளைக்குத்தான் வருவார்கள். மதுரையில் இரவு சொக்கநாதரின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோகும்போது, பகலெல்லாம் வரிசையில் நசுங்கியவர்கள் யாரும் இருப்பதில்லை. பாலும் பாட்டுமாக ஊர்ச் சனம் கொஞ்சம் பேர் நின்றிருப்பார்கள். ‘சிதம்பரம் – 45 நிமிடம்’ என்று ஓர் அட்டவணை சொல்லும்போது எந்தச் சிதம்பரம் என்று கேட்கத் தோன்றுகிறது. காலையில் கிடைப்பதா, அர்த்தசாமத்தில் கிடைப்பதா?

திருச்சியில் இறங்குகிறவர்களின் முதல் நாள் அட்டவணை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். காலையில் ஸ்ரீரங்கம், அங்கிருந்து திருவானைக்கா, பிறகு தஞ்சாவூர். திருவானைக்காவிலிருந்து பதினொன்றரைக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அரை மணி நேரத்தில் அங்கே நடப்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழா கிடையாது, அன்றாடப் பூசை. உச்சிவேளை நெருங்கும்போது அகிலாண்டேசுவரி சன்னிதியில் குருக்கள் ஒருவர் அம்பாளின் பட்டுப் புடவையை உடுத்திக்கொள்கிறார். தலையில் கிரீடம், கழுத்தில் ருத்திராட்சமும் மாலையும். மேளம் முழங்க, யானை முன்னே போக, பூசைக்கு வேண்டியதைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் சுவாமி சன்னிதிக்கு நடக்கிறார். காவிரி நீரைத் திரட்டி லிங்கமாக்கி அம்பாள் இங்கே பூசை செய்தாள், இன்றைக்கும் உச்சிக்காலத்தில் அவளே வந்து செய்கிறாள் என்பது தலத்தின் நம்பிக்கை. அவள் மாணவி, அவர் குரு. அதனால் இந்தக் கோயிலில் திருக்கல்யாணம் நடத்துவதில்லை. புடவைக் கரையை இடது கையால் லேசாகத் தூக்கிக்கொண்டு படியைத் தாண்டும்போது அவருடைய பாதத்தைப் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்கக் கருங்கல்லில் நடந்து காய்த்துப்போன குதிகால். கிரீடத்தின் கனத்துக்குக் கழுத்தை அசைக்காமல் வைத்திருப்பார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியிருக்கும். அவர் யாரையும் பார்ப்பதில்லை. மண்டபத்தில் பூக்கட்டிக்கொண்டிருக்கும் அம்மாள் நாரை மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்று கும்பிடுகிறாள். தினமும் பார்க்கிறவள்தான். உள்ளே கருவறை வாசல் தாழ்ந்தது, குனிந்துதான் போக வேண்டும். நீர்த்தலம் என்பதால் லிங்கத்தைச் சுற்றிக் கல் எப்போதும் ஈரம். எதிரிலுள்ள ஒன்பது துளைச் சாளரத்தின் வழியே பார்த்தால் புடவை கட்டிய முதுகும் தீபத்தின் அசைவும் தெரியும். அபிஷேகமும் அமுது படைத்தலும் முடிந்ததும் வெளியே வந்து பசுவுக்குப் பூசை செய்கிறார். அதுவும் முடிந்து அம்பாள் சன்னிதிக்குத் திரும்பிப் போய்ப் புடவையைக் களைந்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் வேட்டியோடு பக்கத்து வாசல் வழியே வீட்டுக்குச் சாப்பிடப் போவார். கோயில் சாத்திவிடுகிறது.

சாத்தப்படுகிறது என்று நாம் அட்டவணையில் எழுதும் நேரத்தின் விளிம்பில் இது நிகழ்கிறது. அதற்குச் சற்று முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்பது எப்படி ஒரு விதியாக ஆயிற்று என்று யோசித்தால், வண்டி ஓட்டுகிறவர்களின் நினைவு வருகிறது. வெளிநாட்டுக் குடும்பங்களின் யாத்திரையை உண்மையில் வகுப்பவர்கள் அவர்கள்தான். எந்தக் கோயிலில் எந்த வாசலில் இறக்கிவிட்டால் பாட்டிக்கு நடை குறைவு, எந்த ஊரில் சுத்தமான கழிப்பறை, வழியில் எங்கே இளநீர் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். “பன்னெண்டுக்கு மேல எல்லாத்தையும் சாத்திருவாங்க சார். இப்பக் கெளம்புனா தஞ்சாவூர்ல சாப்பாட்டை முடிச்சிட்டு நாலு மணிக்குப் பெரிய கோயில் வாசல்ல நிக்கலாம்” என்று ஓர் ஓட்டுநர் சொன்னால் அவர் கணக்கில் தப்பே இல்லை. அந்த வெயிலில் தஞ்சாவூர்ப் பிரகாரத்துக் கல் பாதத்தைப் பொசுக்கும் என்பதால் நாலு மணிக்குப் போவதுதான் நல்லதும்கூட. வந்தவர்களுக்கு எத்தனை கோயில் காட்டினோம் என்பதில் அவருடைய பெருமையும் இருக்கிறது, அடுத்த சவாரியும் இருக்கிறது. உச்சிக்காலம் பார்க்க வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. கேட்காததை அவர் ஏன் சொல்லப் போகிறார்? அட்டவணை போடுகிறவர் தொலைவில் இருக்கிறார், அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கிற நாங்கள் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம்.

அக்காள் மகளிடம் திருவானைக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் அட்டவணையில் எழுதாத ஒன்றைக் கேட்டாள். “மாமா, இவரை உள்ளே விடுவாங்களா?” அவள் கணவர் கனடாக்காரர், வெள்ளைக்காரர். அக்காள் படுக்கையில் கிடந்த மாதங்களில் சாமி படத்துக்குத் தினமும் விளக்கேற்றியது அவர்தான். 2024 ஜனவரி 30 அன்று, பழனி கோயில் தொடர்பான வழக்கில், இந்து அல்லாதவர்கள் கொடிமரத்தைத் தாண்டி வரக் கூடாது என்ற பலகைகளை வைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தச் சாமியிடம் நம்பிக்கை இருக்கிறது, வழக்கங்களை மதித்து நடப்பேன் என்று உறுதி எழுதிக் கொடுப்பவரை அனுமதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எழுதிக் கொடுக்க அவர் தயங்கமாட்டார். எனக்கு வருத்தம் தருவது வேறு. இங்கே பிறந்து, எந்தச் சாமியிலும் நம்பிக்கை இல்லாத ஒருவரை யாரும் வாசலில் நிறுத்திக் கேட்பதில்லை. கேள்வி நிறத்தைப் பார்த்து வருகிறது. மாமியாரின் வேண்டுதலுக்கு மாவிளக்குத் தட்டைக் கையில் தாங்கிக்கொண்டு நிற்கும் மனிதரைத் தடுப்பதற்குப் பக்தியின் பேரால் சொல்லப்படும் எந்தக் காரணத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. கோயிலில் சாமிக்காகச் சாத்தும் கதவை நான் மதிக்கிறேன். ஆளைப் பார்த்துச் சாத்தும் கதவை மதிக்க முடியாது. அவளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஒவ்வொரு கோயிலிலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்வார்கள், போன உடனே நுழைவாயில் அலுவலகத்தில் பேசிவிடு, பிள்ளைகளின் முன்னால் வாக்குவாதம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அம்பாள் சன்னிதியிலிருந்து சுவாமி சன்னிதிக்குப் போகும் அந்த உச்சிக்கால நடை வெளிப்பிரகாரத்தின் வழியே போகிறது, அதை அவரும் நின்று பார்க்கலாம் என்பதையும் சொன்னேன்.

எனக்கே தெளிவாகாத இடம் ஒன்று இருக்கிறது. கடல் கடந்து வந்தவருக்குச் சாமியைப் பார்க்கும் உரிமை கொஞ்சம் கூடுதலாக உண்டா? மனம் உண்டு என்கிறது. முழங்கால் வலியோடு இருபது மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்த பெரியவரைத் திரைக்கு வெளியே நிறுத்தி வைப்பது நியாயமாகப் படவில்லை. ஆனால் நம் கோயில்கள் காட்டுவதற்கு இணையாக மறைப்பதையும் ஒரு முறையாக வைத்திருக்கின்றன. அவள் வரும் ஜூலையையே எடுத்துக்கொள்ளலாம். ஆனிக் கேட்டையில் ஜேஷ்டாபிஷேகம் முடிந்து ஸ்ரீரங்கத்துப் பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு சாத்தினால் 48 நாட்களுக்குத் திருமுகம் மட்டும்தான் சேவை, திருவடி கிடையாது. திருவாரூர்த் தியாகராசருக்கு ஆண்டு முழுக்க முகம் மட்டும். பாத தரிசனம் மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும். திருவொற்றியூர் ஆதிபுரீசுவரரைக் கவசமில்லாமல் பார்ப்பது கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள். காஞ்சிபுரத்து அத்தி வரதர் நாற்பது ஆண்டு குளத்துக்குள் இருந்துவிட்டு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வெளியே வந்தார். அதற்கு முந்தி வந்தது 1979இல். இது போதாதென்று திருப்பணி நடக்கும் கோயில்களில் பாலாலயம் செய்திருப்பார்கள், மூலவரைப் பார்க்க முடியாது. எத்தனையோ முறை இந்தச் செய்தி தெரியாமல் வந்துவிட்டுத் திரும்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஏமாந்துவிட்டோம் என்ற முகம். அந்த முகத்தைப் பார்க்கும்போது மறைப்பின் மகத்துவத்தைப் பேச வாய் வராது. வருவதற்கு முன்னால் பஞ்சாங்கத்தைப் பாருங்கள், கோயிலுக்கு ஒரு போன் போடுங்கள் என்று சொல்வதே உதவி. அப்படியும் முகம் மட்டும்தான் கிடைக்கிறது என்றால், கிடைத்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டியதுதான். நம் பாட்டிமார்கள் அப்படித்தான் வந்தார்கள். அவர்களுக்குக் குறையாகத் தோன்றவில்லை என்பதும் உண்மை, அவர்களால் அடுத்த மாதம் மறுபடியும் போக முடிந்தது என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மைதான் என்னைத் திரும்பத் திரும்பத் தடுமாற வைக்கிறது.

சிதம்பரத்தில் நடராசருக்கு ஆண்டில் ஆறே அபிஷேகம். நமக்கு ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்பதால், அன்றாடம் ஆறு கால பூசை செய்வதுபோல ஆண்டுக்கு ஆறு. மார்கழித் திருவாதிரை அவர்களுக்கு விடியல். மாசி, காலசந்தி. சித்திரைத் திருவோணம் உச்சிக்காலம். ஆனி உத்திரம் சாயரட்சை, ஆவணி இரண்டாம் காலம், புரட்டாசி அர்த்தசாமம். இதை நினைக்கும்போது கனடாவின் பள்ளி விடுமுறைகூட வேறு மாதிரி தெரிகிறது. டிசம்பரில் வரும் பிள்ளைகள் சாமியின் விடியலில் வந்து இறங்குகிறார்கள். மார்கழியில் நாலு மணிக்கே நடை திறந்துவிடும்; நேர மாற்றத்தால் தூக்கம் பிடிக்காமல் புரண்டுகொண்டிருக்கும் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப்போவதும் அந்த மாதத்தில் எளிது. கோடை விடுமுறையில் வருகிறவர்கள் சாயரட்சையிலும் அதற்குப் பிந்திய இருட்டிலும் வருகிறார்கள். ஆடி பிறந்துவிட்டால் பெரிய சிவாலயங்களைவிட அம்மன் கோயில்களில்தான் ஊரே இருக்கும். வேப்பிலையும் கூழ் ஊற்றுவதுமாக எங்கள் தெருக்கோடி வரைக்கும் திருவிழா நடந்துகொண்டிருக்கும்போது, பட்டியலில் இல்லை என்பதால் அதைக் கடந்து காரில் போகிறார்கள். ஆடிப் பதினெட்டு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் காவிரிக்குப் படைக்கும் பெண்களின் கூட்டத்தைப் பார்க்காமல், அன்றைக்குப் பார்த்து நெரிசல் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு.

இனி அந்த நாலு மணி நேரத்துக்கே வருகிறேன். நடை சாத்திய பிறகு கோயிலைச் சுற்றி ஒன்றும் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுக் கோயில்களில் 2002இல் தொடங்கிய அன்னதானத் திட்டத்தில், மத்தியானம் இலை போட்டுச் சோறு பரிமாறுகிறார்கள். சுத்தமான ஓட்டல் எது என்று வலைத்தளத்தில் தேடிக்கொண்டிருக்கும் குடும்பம், கோயிலுக்குள்ளேயே சாம்பார், ரசம், மோரோடு சாப்பிட்டிருக்கலாம். பக்கத்து இலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அன்றைய தினத்தைப் பொறுத்தது. அதைவிட நல்ல அறிமுகம் இந்த ஊருக்கு வேறு இல்லை. சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால் கோபுர வாசல் மண்டபம் குளிர்ந்து கிடக்கும். பூக்கடைக்காரர்கள் கூடையின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு அங்கேயே தலைசாய்ப்பார்கள். அர்ச்சனைத் தட்டுக் கடையின் பாதிப் பலகை இறங்கியிருக்கும். தூணில் முதுகை வைத்து உட்கார்ந்தால், எதிர்ச் சுவரில் வரி வரியாக ஓடும் கல்வெட்டில் நமக்குப் புரிகிற எழுத்து ஒன்றிரண்டு தெரியும். பிள்ளைகள் அதைத் தேடி விளையாடுவார்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை சொன்ன பிறகு, பல கோயில்களில் அதை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அட்டவணை, வரைபடம், டிக்கெட் எல்லாமே அதற்குள்தான் இருக்கிறது. டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது கொஞ்ச நேரம் தவிப்பாக இருக்கும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்கத் தொடங்குவோம். அவர் மணியைச் சொல்லிவிட்டு எந்த ஊர் என்று கேட்பார். பேச்சு அப்படியே போகும். இதையெல்லாம் பயணச் செலவுக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாததால்தான் அந்தக் கட்டம் சாம்பல் நிறமாக இருக்கிறதோ என்னவோ.

அக்காள் மகளுக்கு நான் மத்தியானம் திறந்திருக்கும் கோயில் எதையும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம், பட்டியலில் அம்மா எழுதாமல் நீயாகச் சேர்த்தவற்றை எடுத்துவிடு, எடுத்த நேரத்தை மிச்சமுள்ள கோயில்களிலேயே செலவழி என்பதுதான். ஐந்தாறு கோயில்களை எடுத்திருக்கிறாள். நவக்கிரகம் ஒன்பதும் அப்படியே இருக்கிறது, ஆனால் மூன்று நாளாகப் பிரித்துவிட்டாள். வைத்தீஸ்வரன் கோயிலில் இரவு தங்கி, முத்துக்குமாரசுவாமியின் அர்த்தசாமத்துக்கு அப்பாவை உட்கார்த்திவைக்க வேண்டும் என்கிறாள். ஜூலைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்னும் மாற்றுவாள்.

திருச்சி வழியாக வரப்போகிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விசா, விமானம், அறை எல்லாம் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள், அதில் குறை வைக்காதீர்கள். திருவானைக்காவுக்கு மட்டும் காலையில் பத்தோடு பதினொன்றாகப் போய்விட்டு வராதீர்கள். பதினொரு மணிக்கு மேல் உள்ளே போய் அம்பாள் சன்னிதிக்கு எதிரில் உட்காருங்கள். பன்னிரண்டு மணியை ஒட்டி மேளம் கேட்கும். வண்டியை இரண்டு மணிக்கு எடுத்தால் போதும் என்று ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவரையும் உள்ளே கூப்பிடுங்கள். தஞ்சாவூருக்கு ஒரு மணி நேரம்தான், பெரிய கோயில் நாலு மணிக்குத்தான் திறக்கும்.